தங்கச்சிக்கு சென்னையில் சீட் கிடைச்சாச்சு: பிஜியா, ரூமா, சேர்ந்து வீடா? செந்துறையிலிருந்து ஒரு முழுக் கணக்கு



பிளஸ் டூ முடிச்ச தங்கச்சிக்கோ தம்பிக்கோ கவுன்சிலிங்கில் நல்ல காலேஜ் கிடைச்சுட்டா வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த நாளே அடுத்த கேள்வி வந்துடும்: "புள்ளைய எங்க தங்க வைக்கிறது?" செந்துறை, ஜெயங்கொண்டம், குன்னம் பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்வி நேராப் போய் நிற்கிறது, ஏற்கெனவே சென்னையில் வேலை பார்க்கிற அண்ணன்கிட்டயோ அக்காகிட்டயோதான். "நீதான் அங்க இருக்கியே, பாத்துக்கப்பா"ன்னு அப்பா ஒரே வார்த்தையில் முடிச்சுடுவார்.

உங்க சம்பளமே ₹30,000 சொச்சம்னு வைங்க. அவசரத்துக்குன்னு சேர்த்து வச்ச பணம் அட்வான்ஸ்ல போயிடும். மீதிக்கு கிரெடிட் கார்டைத் தேய்ப்பீங்க. மூணு மாசம் கழிச்சு தங்கச்சி "அண்ணா, சாப்பாடு சரியில்ல, வேற இடம் பாக்கலாமா"ன்னு கேட்டா, மறுபடி முதல்லேர்ந்து செலவு. இந்த இடத்தில்தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. காரணம், தேடும்போது மாத வாடகையை மட்டும் பார்க்கிறோம்.

அதனால இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வாங்கிக்கோங்க: வாடகையை ஒப்பிடாதீங்க, ஒரு வருஷத்து மொத்தச் செலவை ஒப்பிடுங்க. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தை உதாரணமா எடுத்துக்கிட்டு படிப்படியா பார்ப்போம்.

படி 1: முதல்ல, ரூம் தேவையா?

செந்துறையிலிருந்து படிக்கப் போற இடங்களை மூணா பிரிச்சுக்கலாம்.

முதலாவது, வீட்டிலிருந்தே போய்வர்ற தூரம். அரியலூர் அரசு கலைக் கல்லூரி, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் அரியலூர் பொறியியல் உறுப்புக் கல்லூரி இதெல்லாம் இந்த வகை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தா இருந்தா 2021 மே மாசத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. இங்கே வாடகை பூஜ்யம். ஆனா பயண நேரத்தைக் கணக்குல எடுங்க. போக வர தினமும் மூணு மணி நேரத்துக்கு மேல ஆனா படிப்பு பாதிக்கும்.

இரண்டாவது, நடுத் தூரம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், துவாக்குடி என்ஐடி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கும்போதே மாணவர்கள் வளாகத்தில் தங்கிப் படிக்கிற மாதிரி உருவான இடம். இங்கெல்லாம் வார இறுதியில் வீட்டுக்கு வந்துடலாம். அதனால மாசத்துக்கு நாலு முறை ஊருக்கு வர்ற பஸ் செலவையும் வாடகையோட சேர்த்துக் கூட்டணும்.

மூணாவது, சென்னை. ரூம் இல்லாம முடியாது. கணக்கு பெரிசாகிறதும் இங்கேதான்.

படி 2: வெளியில தேடுறதுக்கு முன்னாடி இந்த மூணையும் கேட்டுடுங்க

ஒண்ணு, காலேஜ் ஹாஸ்டல். சேர்க்கை நாளிலேயே விண்ணப்பம் குடுங்க. "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டா இடம் போயிடும்.

ரெண்டாவது, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அரசுப் பள்ளியில் படிச்சு இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ற மாணவர்களுக்கு, படிப்புக் கட்டணத்தோட விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும்னு 2021 செப்டம்பரில் அறிவிச்சாங்க. உங்க தங்கச்சி இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தா, காலேஜ் ஹாஸ்டலை விட்டுட்டு வெளியில பிஜி பார்க்கிறது நாலு வருஷத்தில் சில லட்சம் ரூபாய் விஷயம். "ஹாஸ்டல் சாப்பாடு நல்லா இருக்காதாம்"னு யாரோ சொன்னதை வச்சு இந்த முடிவை எடுக்காதீங்க.

மூணாவது, அரசின் மாணவர் விடுதிகள். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகள் நடத்துற விடுதிகள் இவை. 2025 ஜூலையிலிருந்து எல்லாத்துக்கும் 'சமூகநீதி விடுதி'ன்னு பேர் மாத்தியிருக்காங்க. தங்குறதும் சாப்பாடும் இலவசம். பெற்றோர் வருமான வரம்பு உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வேணும். தம்பிக்குத் தேடுறவங்க கவனிங்க: சைதாப்பேட்டையில் இருக்கிற எம்.சி.ராஜா கல்லூரி மாணவர் விடுதி கிண்டிக்கு ரொம்பப் பக்கம். செந்துறை தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ்களை ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுட்டா கடைசி நேர அலைச்சல் இல்லை.

இந்த மூணும் அமையலைன்னாதான் அடுத்த படி.

படி 3: மூணு வழி, ஒரே மாதிரி கணக்கு

கீழே இருக்கிற தொகைகள் கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். நீங்க விசாரிச்ச உண்மையான எண்களை அதே இடத்தில் போட்டுக்கோங்க. முறை மாறாது.

*வழி அ: காலேஜ் பக்கத்தில் லேடீஸ் பிஜி, மூணு பேர் ஒரு ரூம், சாப்பாட்டோட*

- மாதம் ₹8,500, கரண்ட் ₹300. பஸ்ஸில் போறதால பயணச் செலவு இல்லை.
- அட்வான்ஸ் ₹10,000. அதில் ₹3,000 'மெயின்டனன்ஸ்'னு திரும்ப வராது.
- முதல் வருஷம்: 8,800 × 12 + 3,000 = ₹1,08,600

*வழி ஆ: மூணு தோழிகள் சேர்ந்து பழவந்தாங்கல், பல்லாவரம் மாதிரி ரயில் பாதை ஏரியாவில் ஒரு வீடு*

- வீட்டு வாடகை ₹12,000. தங்கச்சி பங்கு ₹4,000.
- சமைச்சுச் சாப்பிட ₹3,000, கரண்ட் தண்ணி ₹400, ரயில் சீசன் டிக்கெட்டும் சில்லறைச் செலவும் ₹300. ஆக மாதம் ₹7,700.
- திரும்ப வராத செலவு: புரோக்கர் பங்கு ₹4,000, அடுப்பு, பாத்திரம், பாய் தலையணை பங்கு ₹4,000, காலி பண்ணும்போது பெயின்டிங்னு பிடிக்கிறதில் பங்கு ₹4,000.
- ஒரே வருஷத்தில் காலி பண்ணினா: 7,700 × 12 + 12,000 = ₹1,04,400

பார்த்தீங்களா? "அங்க ₹8,500, இங்க வெறும் ₹4,000"ன்னு கேட்டப்போ பாதிக்குப் பாதி குறைஞ்ச மாதிரி இருந்தது. வருஷக் கணக்குல வித்தியாசம் ₹4,200தான். இதுல இன்னொரு விஷயம் இருக்கு. மூணு தோழிகளில் ஒருத்தி நடுவில் ஹாஸ்டல் கிடைச்சுப் போயிட்டா, வாடகைப் பங்கு ₹6,000 ஆயிடும். மூணு மாசம் வேற ஆள் கிடைக்கலைன்னா கூடுதலா ₹6,000. மிச்சம் பிடிச்சது அவ்வளவும் போச்சு.

அதே வீட்டில் நாலு வருஷமும் இருந்தா கதை வேற. வாடகை ஏறாதுன்னு வச்சுக்கிட்டா, பிஜி ₹4,25,400, ரூம் ₹3,81,600. வித்தியாசம் ₹43,800. ஆக, ரூம் லாபமா வர்றது நிலையா தங்குறவங்களுக்குத்தான். முதல் வருஷம் தோழிகள் யார், யாரோட ஒத்துப்போகும்னு தெரியாத நேரத்தில் வீடு எடுக்கிறதை விட, ஒரு வருஷம் பிஜியில் இருந்துட்டு ரெண்டாம் வருஷம் நல்லாத் தெரிஞ்ச தோழிகளோட வீடு எடுக்கிறது பெரும்பாலும் நல்லா வரும்.

*வழி இ: நீங்களும் தங்கச்சியும் சேர்ந்து ஒரு சின்ன வீடு*

ஊர்ல எல்லாரும் சொல்றது இதுதான்: "ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா செலவு மிச்சம்." எப்பவும் அப்படி இல்லை.

- வாடகை ₹12,000, ரெண்டு பேர் சாப்பாடு ₹6,500, கரண்ட் ₹700, தங்கச்சி பயணம் ₹300. மொத்தம் மாதம் ₹19,500.
- இதிலிருந்து இப்போ நீங்க உங்களுக்காகச் செலவு பண்றதைக் கழிக்கணும்.

நீங்க இப்போ ₹7,500க்கு சாப்பாட்டோட ஒரு பிஜியில் இருந்தா, தங்கச்சிக்காகக் கூடுதலா ஆகிறது ₹12,000. பிஜியை விட அதிகம்! நீங்க இப்போ ரூம் பங்கு ₹6,000, ஹோட்டல் சாப்பாடு ₹5,000ன்னு ₹11,000 செலவு பண்றவரா இருந்தா, கூடுதல் ₹8,500தான். பிஜிக்குச் சமம், வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். அதனால "சேர்ந்து இருந்தா மிச்சம்"ங்கிறது உங்க இன்றைய செலவைப் பொறுத்தது. இதில் முழு அட்வான்ஸும் உங்க தலையிலதான் விழும்ங்கிறதையும் மறக்காதீங்க. உங்க ஆபீஸ் சோழிங்கநல்லூரில் இருந்து காலேஜ் கிண்டியில் இருந்தா, யாரோ ஒருத்தர் தினமும் அலையணும். அதையும் யோசிங்க.

எந்த வழியா இருந்தாலும் ஒரு கழித்தல் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படிச்ச மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 வங்கிக் கணக்குல வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அதை செல்போன் ரீசார்ஜுக்குன்னு விடாம தங்குற செலவுக்குன்னு ஒதுக்கினா வருஷத்துக்கு ₹12,000.

படி 4: ஏரியாவை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

காம்பஸ் வாசலிலிருந்து நடந்து போற தூரம்னு தேடினா கோட்டூர்புரம், அடையாறு பக்கம் வாடகை கூடுதலா இருக்கும். கிலோமீட்டரைப் பார்க்காம, ஒரே ரயிலில் அல்லது ஒரே பஸ்ஸில் போக முடியுமான்னு பாருங்க. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையில் சைதாப்பேட்டை, கிண்டி, பழவந்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் வரும். கிண்டியில் இறங்கி பஸ் பிடிச்சா காம்பஸ். வேளச்சேரி பறக்கும் ரயில் பாதையில் கோட்டூர்புரம் ஸ்டேஷன் காம்பஸுக்குப் பக்கம்.

நம்ம ஊர்க்காரங்களுக்குத் தாம்பரம் பாதையில் இன்னொரு வசதி உண்டு. செந்துறையும் அரியலூரும் விழுப்புரம்–திருச்சி கார்டு லைன்ல இருக்கு. அரியலூரில் ஏறினா தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் மாறிடலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆம்னி பஸ்காரங்க கேட்கிற ரேட்டுக்குப் பயப்பட வேண்டாம். குரோம்பேட்டை எம்ஐடி காம்பஸில் இடம் கிடைச்சவங்களுக்கு இது இன்னும் சுலபம்.

இன்னொண்ணு, மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை பகுதிகளில் தண்ணி புகுந்தது, வேளச்சேரியும் மூழ்கியது. தரைத்தள ரூம் வாடகை குறைவா சொன்னா, "மழைக்கு இங்க தண்ணி எவ்வளவு ஏறுச்சு?"ன்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்காதீங்க, எதிர்த்த மளிகைக் கடையில் கேளுங்க.

படி 5: அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி

வாடகை வீட்டுக்குத் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்ணு இருக்கு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் உங்களுக்குத் தேவையானது மூணு விஷயம்:

- வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு பண்ணணும். இதுக்குன்னு அரசு இணையதளம் இருக்கு.
- ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும், மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேட்கக் கூடாது.
- காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரணும்.

ரெண்டாவது வரியில் "வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும்"ங்கிறதைக் கவனிங்க. சென்னையில் பத்து மாச அட்வான்ஸ் கேட்கிற பழக்கம் இன்னும் முழுசாப் போகலை. அந்தத் தொகையைப் போட்ட பத்திரத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் சட்டத்தைக் காட்டிப் பேசுறது கஷ்டம். அதனால பேரம் கையெழுத்துக்கு முன்னாடிதான்.

பிஜியா இருந்தா அவங்க குடுக்கிற விதிமுறைத் தாள்தான் முக்கியம். நாலு கேள்வி கேளுங்க: எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்? அட்வான்ஸில் எவ்வளவு திரும்ப வரும்? செமஸ்டர் லீவுல ஒரு மாசம் ஊருக்குப் போனா முழு வாடகையா? கரண்டுக்கு யூனிட் கணக்கா, மொத்தத் தொகையா? பதிலை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜா அனுப்பச் சொல்லுங்க. வாயால சொன்னது ஆறு மாசத்தில் மறந்துடும், எழுத்து நிற்கும்.

தங்கச்சிக்குப் பார்க்கிறீங்கன்னா ஒரு கேள்வி கட்டாயம்: "விடுதிக்கு உரிமம் இருக்கா?" பெண்கள் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செஞ்சு உரிமம் வாங்கித்தான் நடத்தணும். உரிமத்தைக் காட்டத் தயங்குற இடத்தில் ஆயிரம் ரூபாய் குறைவா இருந்தாலும் வேண்டாம்.

பில்லுல ஜிஎஸ்டின்னு தனியா சேர்த்தாங்கன்னா நிறுத்திக் கேளுங்க. ஒரு ஆளுக்கு மாதம் ₹20,000 வரைக்கும் வாங்குற தங்கும் வசதிக்கு, தொடர்ந்து குறைஞ்சது 90 நாள் தங்கினா ஜிஎஸ்டி இல்லைன்னு 2024இல் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு பண்ணிடுச்சு.

நேர்ல பார்க்காம டோக்கன் அட்வான்ஸ் போடவே போடாதீங்க. "நான் ராணுவத்துல இருக்கேன், வெளியூர்ல இருக்கேன், க்யூஆர் கோடு அனுப்புறேன்"னு ஆரம்பிச்சா அது மோசடிதான். பணம் போயிட்டா உடனே 1930க்கு கூப்பிடுங்க.

படி 6: வரியிலும் கடனிலும் தெரிஞ்சுக்க வேண்டியது

"தங்கச்சி பிஜி வாடகையை நான்தானே கட்டுறேன், ஹெச்ஆர்ஏல காட்டலாமா?" முடியாது. நீங்க குடியிருக்கிற வீட்டு வாடகைக்குத்தான் ஹெச்ஆர்ஏ விலக்கு. வழி இ மாதிரி ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து, ஒப்பந்தமும் ரசீதும் உங்க பேர்ல இருந்தா காட்டலாம். அதுவும் பழைய வரிமுறையில் இருந்தா மட்டும்தான். புதிய வரிமுறையில் ஹெச்ஆர்ஏ விலக்கு கிடையாது.

கல்விக் கடன் வாங்குறதா இருந்தா, காலேஜ் ஃபீஸ் மட்டும்தான்னு நினைச்சு விண்ணப்பிக்காதீங்க. வெளியில தங்குற நியாயமான செலவையும் வங்கிகள் கணக்குல எடுத்துக்கும். விண்ணப்பிக்கும்போதே மதிப்பீட்டில் சேர்த்துக் கேளுங்க. கடன் தங்கச்சி பேர்ல, அப்பா அல்லது அம்மா கூட்டுக் கடன்தாரரா இருக்கட்டும். அண்ணன் தன் பேர்ல வாங்கினா தங்கை படிப்புக்கான வட்டிக்கு வரிக்கழிவு கிடைக்காது. சட்டம் சொல்றது தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி காப்பாளரா இருக்கிற மாணவருக்கு மட்டும். தங்கச்சி வேலைக்குப் போய் தானே கட்டும்போது, பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தா, அந்தக் கழிவை அவங்களே எடுத்துக்கலாம்.

படி 7: பணத்தை எப்போ தயார் பண்றது?

இந்தச் செலவு திடீர்னு வர்றது இல்லை. பிளஸ் டூ சேரும்போதே தெரியும். பொறியியல் கவுன்சிலிங் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். ஜனவரியிலிருந்து ஜூன் வரைக்கும் மாதம் ₹3,500 ஆர்டி போட்டா ₹21,000 தயார். பிஜி அட்வான்ஸும் முதல் மாச வாடகையும் அதிலேயே அடங்கிடும். வீட்டில் முந்திரிக் காடு இருந்தா கோடையில் கையில் காசு இருக்கும், ஆகஸ்டில் இருக்காது. அப்பாகிட்ட மே மாசமே பேசி ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்க.

உங்க அவசரகால நிதியைத் தொடாதீங்க. உங்க வேலை போச்சுன்னா, இப்போ அந்த நிதியை நம்பி இருக்கிறது ரெண்டு பேர். உண்மையில் தங்கச்சி சென்னைக்கு வந்ததும் அதைக் கூட்டத்தான் வேணும்: தங்கச்சியோட மூணு மாசச் செலவு, நம்ம கணக்குப்படி சுமார் ₹26,000.

கவுன்சிலிங்கில் ஒரு காலேஜ் ஒதுக்கீடு வந்ததும் ரூமுக்கு ஓடாதீங்க. 'அக்செப்ட் அண்ட் அப்வேர்டு' குடுத்திருந்தா காலேஜே மாறலாம். குரோம்பேட்டைன்னு நினைச்சு அட்வான்ஸ் குடுத்துட்டு, கோயம்புத்தூர்ல சீட் வந்தா பணம் திரும்ப வாங்குறது பெரும்பாடு. இறுதி ஒதுக்கீடு உறுதியானதும்தான் பணம் கை மாறணும். அதுவரைக்கும் இடங்களைப் பார்த்து லிஸ்ட் மட்டும் தயார் பண்ணுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒரு பேப்பரில் நாலு பத்தி போடுங்க: மாதச் செலவு, 12ஆல் பெருக்கினது, திரும்ப வராத பணம், திரும்ப வரவேண்டிய அட்வான்ஸ். நீங்க விசாரிச்ச ஒவ்வொரு இடத்தையும் ஒரு வரியில் எழுதுங்க. ரெண்டாவதையும் மூணாவதையும் கூட்டினா வருஷச் செலவு. நாலாவது, உங்க கையில் அந்த நேரத்தில் இருக்க வேண்டிய பணம். ரெண்டும் உங்களால தாங்க முடியுற இடங்களை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை அடிச்சுடுங்க.

மிச்சம் இருக்கிற லிஸ்ட்டைத் தங்கச்சிகிட்ட குடுத்து, "இதுல உனக்கு எது சரிப்படும்?"னு கேளுங்க. அங்க இருக்கப் போறது அவங்கதான். செலவுக் கணக்கையும் மறைக்காம காட்டுங்க. நாலு வருஷம் கழிச்சு முதல் சம்பளம் வாங்கும்போது, ரூம் தேடத் தெரிஞ்ச, பட்ஜெட் போடத் தெரிஞ்ச ஒரு ஆளா அவங்க இருப்பாங்க.

அடுத்த வீடியோவில் இதே மாதிரி, முதல் வேலைக்காக சென்னைக்கு வர்றவங்களோட முதல் மூணு மாசச் செலவைப் பார்க்கலாம்.